தோழனுக்கும் முதுகு வலிக்கும்

ஜூன் 3

பெரிய ஊருக்குப் போய்ப் பெரிய மனுஷி ஆகிவிட்ட அக்காவுக்கு,

சின்ன ஊரில் சின்ன மனுஷியாகவே இருக்கும் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா நலம், அம்மாவின் குரல் அதைவிட நலம். அப்பாவின் முட்டி மட்டும் நலத்தில் சேராது. உன் நலத்துக்கு எழுது.

காகிதத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. என்னிடம் போன் இல்லை. டிசம்பர் பரீட்சை முடியும்வரை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது ஒலிபெருக்கியில் குடும்பமே கேட்கிறது, அதில் என் தரப்பு நியாயத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் தபால்.

நடந்தது இதுதான். அப்பா பார்சல் கொண்டுபோகும் உங்கள் கம்பெனிச் செயலியில் 'தோழன்' என்று ஒரு உதவி மெஷின் இருக்கிறது அல்லவா? 'தூங்காது, சலிக்காது, மனிதக் கை படாது' என்று விளம்பரம் வேறு. சலிக்காதாமே, பார்த்துவிடுவோம் என்று அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவர் போனை எடுத்து அதனிடம் நாற்பது விடுகதை கேட்டேன். முதல் பத்துக்கு 'உங்கள் கோரிக்கை புரியவில்லை' என்றது. இருபத்து மூன்றாவதுக்குச் சரியான விடை சொன்னது. முப்பத்தொன்றாவதுக்கு 'வேறு வேலை இல்லையா' என்று வந்து, நான் கண்ணைத் தேய்ப்பதற்குள் அழிந்துபோனது. சத்தியம். நாற்பதில் அப்பாவின் கணக்கை மூன்று நாள் முடக்கிவிட்டார்கள்.

மூன்று நாளும் அப்பா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மா அவர் பங்கையும் சேர்த்துத் திட்டினாள்.

கம்பெனி அப்பாவைத் தொழிலாளி என்று சொல்வதில்லை, 'கூட்டாளி' என்கிறது. கூட்டு அவர்களுக்கு, ஆள் நம் அப்பா. சரிதானே? நீ அந்தத் தோழனைச் செய்கிற இடத்தில் இருப்பதாக அப்பா வண்டி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். 'என் பெரிய பொண்ணு அந்த மெஷினைச் செய்யுறா' என்று. என்னைப் பற்றிக் கேட்டால், 'சின்னவ அதைக் கெடுக்குறா' என்கிறாராம்.

போன் இழந்த,
வாலு

•

ஜூன் 15

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிந்தேன். முட்டிக்கு அப்பா டாக்டரிடம் போனாரா? 'போறேன் போறேன்' என்பது போனதாகாது என்று சொல்.

உன் வழக்கில் தீர்ப்பு: குற்றவாளி. மூன்று நாள் வருமானத்தை விடுகதையில் விட்டவளுக்கு டிசம்பர்வரை போன் இல்லை என்பது குறைந்த தண்டனை.

இங்கே என் வேலை என்ன என்று கேட்பாய். கணினி முன்னால் வேலை. கூடத்தில் அறுபது நாற்காலி. ஜன்னல் கிடையாது. உள்ளே போகும்போது போனை வாசலில் ஒரு சின்ன அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். குளிரூட்டியை ஏன் அவ்வளவு வைக்கிறார்கள் என்று தெரியவில்லை, எல்லோரும் சால்வை போர்த்திக்கொண்டு இருக்கிறோம். நாற்காலி கெட்டி. ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஒரு மெத்தை கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். என்னிடம்தான் இல்லை. அம்மாவிடம் ஒன்று தைத்து அனுப்பச் சொல்கிறாயா? நான் கேட்டேன் என்று சொல்லாதே, 'அங்கே வசதி இல்லையா' என்று ஆரம்பித்துவிடுவாள். அலங்காரத்துக்கு என்று சொல்.

இன்னொன்று. தோழனிடம் இனி விடுகதை கேட்காதே. பாவம்.

இப்படிக்கு,
அக்கா

•

ஜூலை 2

அலங்கார மெத்தை கேட்கும் அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்று எழுதப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிவிட்டேன்.

பார்சலைப் பிரித்துவிட்டுத்தானே கடிதத்தைப் படிக்கிறாய்? நீலத் துணி ஞாபகம் இருக்கிறதா? நடு அறைப் பழைய திரை. 'அலங்காரத்துக்கு எதுக்குடி இவ்ளோ பஞ்சு கேக்குறா' என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் பஞ்சு திணித்தாள். நம் அம்மா ஏமாறுவதே அவளுக்கு வசதியான இடத்தில்தான். மெத்தையைத் திருப்பிப் பார்க்காதே. பார்க்காதே என்றால் பார்ப்பாய், தெரியும்.

இங்கே அப்பா புகார் மன்னன் ஆகிவிட்டார். வாரத்துக்கு மூன்று புகார் தோழனுக்குப் போகிறது. ஹெல்மெட் வார் உறுத்துகிறதாம். வண்டி ஹார்ன் அடிக்கவில்லையாம். செயலியில் எழுத்து பொடியாக இருக்கிறதாம். ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டி, பிறகு பதிலை இரண்டு முறை படிக்கிறார். நமக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் ஒன்று உண்மையான புகார். மூன்றாவது மாடி, நான்காவது மாடி என்று லிஃப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். 'படி ஏறி முட்டி வலி. மாடி எத்தனை என்று முன்பே காட்டினால் நல்லது' என்று எழுதினார். தோழன் பதில் போட்டது: 'உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. ஏறும்போது வலது காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது இடது காலை. இடது முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.'

அக்கா, அப்பா இடது என்று எழுதவே இல்லை. நான் பின்னாலேயே நின்று பார்த்தேன். முட்டி என்று மட்டும்தான் எழுதினார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

கூர்மையான கண்ணுடைய,
வாலு

•

ஆகஸ்ட் 6

அன்புள்ள வாலுக்கு,

நலம். உடனே எழுத முடியவில்லை.

மெத்தை வந்தது. அம்மாவிடம் சொல், கூடத்திலேயே உயரமான மெத்தை என்னுடையதுதான். பக்கத்து நாற்காலிக்காரி 'நீ சிம்மாசனத்துல உக்காந்திருக்கே, நாங்க தரையில இருக்கோம்' என்கிறாள். மெத்தையைத் திருப்பிப் பார்த்தேன்.

இங்கே மழை வந்ததாகச் சொல்கிறார்கள். நாங்கள் வெளியே வரும்போது தரை மட்டும் ஈரமாக இருந்தது.

இந்த வேலையில் சேரும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உள்ளே என்ன வேலை என்று வெளியே சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டிசம்பரில் என்னை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும். போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு.

ஒத்தடம் கொடுக்கிறாரா?

அக்கா

•

ஆகஸ்ட் 12

அக்காவுக்கு,

எல்லோரும் நலம், என்னைத் தவிர. காரணம் கீழே.

அரசாங்கம் ஒரு குழு போட்டிருக்கிறது. உங்கள் கம்பெனி மாதிரிக் கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்று ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கிறார்கள். செப்டம்பர் 2 நம் ஊர் முறை. நகராட்சிக் கூடத்தில்.

ஸ்டாண்டில் இதே பேச்சுதான். டிபன் கொடுக்கப் போனபோது கேட்டேன். கம்பெனி முதலாளி வீட்டில் காரை மாடிக்கு ஏற்ற ஒரு லிஃப்ட் இருக்கிறதாம், பத்திரிகையில் படம் வந்திருந்தது. 'காருக்கு லிஃப்ட்டு, நமக்குப் படி. இதைக் கேக்க ஒரு சட்டம் வேணாமா' என்றார் மீசைக்கார அண்ணன். 'சட்டம் போட்டா கம்பெனி ஊரை விட்டே ஓடிடும்ணே' என்றார் வேன்காரர். 'ஓடட்டும்டா. ஓடுனாத்தானே அதுக்கும் முட்டி வலிக்கும்.' வேன்காரர் விடவில்லை. இந்தச் செயலி வருவதற்கு முன் நாள் முழுக்க ஒரு சவாரிக்குக் காத்துக் கிடந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றார். அதுவும் உண்மைதான் போலிருக்கிறது.

கடைசியில் குழு முன்னால் பேச அப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். குறைவாகப் பேசுகிறவர் பேசினால்தான் கேட்பார்கள் என்று. அப்பா ஒரு துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். எட்டிப் பார்த்தேன்:

மாடிப்படி.
குடிக்கத் தண்ணீர்.
தோழன் நல்ல மாதிரி. இடது முட்டி.

அவர் பாராட்டத்தான் போகிறார், அக்கா. அங்கே போய் 'நான் சொல்லாமலே இடது முட்டின்னு கண்டுபிடிச்சுதுங்க' என்று பெருமையாகச் சொன்னால், உன் கம்பெனிக்காரர் அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பார். எந்த நாற்காலி சொன்னது என்று தேட எவ்வளவு நேரம் ஆகும்?

நான் என்ன செய்ய? உடனே எழுது. போன தடவை மாதிரி ஒரு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

வாலு

•

ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். தூக்கம் சரியில்லை.

இனி மறைத்துப் பயனில்லை. ஆமாம், நான்தான். நாங்கள் அறுபது பேரும்தான். 'வணக்கம், உங்கள் தோழன் பேசுகிறேன்' என்ற முதல் வரியை மட்டும் மெஷின் எழுதும். அதன் பிறகு வருவதெல்லாம் எங்கள் கை. ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில் எட்டு உரையாடல். மெஷின் மாதிரியே எழுத வேண்டும். 'ஐயோ' எழுதக்கூடாது, 'பாவம்' எழுதக்கூடாது, சிரிக்கக்கூடாது. எழுந்து போனால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். நீ முப்பத்தொன்றாவது விடுகதை கேட்டபோது 'வேறு வேலை இல்லையா' என்று எழுதியது என் பக்கத்து நாற்காலிக்காரி. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். உன்னை அவளுக்குத் தெரியும். 'அந்த விடுகதைக்காரி உன் தங்கச்சியா, வரட்டும் பேசிக்கிறேன்' என்றிருக்கிறாள்.

அப்பாவின் புகார் வரிசையில் தெரிந்ததும் வேறு யாரும் எடுப்பதற்குள் நான் எடுத்துவிடுவேன். ஹார்ன் என்கிறார், ஹெல்மெட் வார் என்கிறார். எதுவானாலும் சரி. அந்த ஐந்து நிமிடம் வீட்டில் இருக்கிற மாதிரி. அன்று இடது என்று கை எழுதிவிட்டது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். 'மெஷினைச் செய்யும் பெண்' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மெஷின் மாதிரி நடிக்கும் பெண் என்று அவரே திருத்திச் சொல்லும்படி ஆகக்கூடாது.

அவர் படியைப் பற்றிப் பேசட்டும், தண்ணீரைப் பற்றிப் பேசட்டும். தோழன் மட்டும் வேண்டாம். ஆனால் அவரைப் பொய் சொல்ல வைக்காதே. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. குறும்பு உன் துறை.

அக்கா

•

செப்டம்பர் 3

அக்காவுக்கு,

முதலில் எல்லோரும் நலம். இரண்டாவது, உன் பக்கத்து நாற்காலிக்காரியிடம் நான் காலில் விழுந்ததாகச் சொல். உண்மையாகவே வருத்தம். எதிர் முனையில் ஒரு ஆள் இருப்பார் என்று தெரிந்திருந்தால் இருபதோடு நிறுத்தியிருப்பேன்.

மூன்றாவது, நேற்று நடந்தது.

என் திட்டம் எளிமையானது. தோழன் இல்லாத பேச்சு ஒன்றை இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதினேன். கூட்டு, ஆள் நகைச்சுவையெல்லாம் வைத்து. அப்பா சட்டையைத் தேய்த்துக் கொடுக்கும் சாக்கில் துண்டுச் சீட்டை எடுத்துவிட்டு இதை வைத்தேன்.

கூடத்தில் நல்ல கூட்டம். மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்த மேடம் தடிமனான கண்ணாடி போட்டு எல்லாவற்றையும் தன் கையால் எழுதிக்கொண்டார். ஓரத்தில் கம்பெனி ஆள், அந்தப் புழுக்கத்திலும் கோட்டு. துணிக்கடைக்காரர் செயலி இல்லாவிட்டால் தன் கடை எப்போதோ மூடியிருக்கும் என்றார். மருந்துக்கடை அம்மா, கம்பெனி எடுக்கும் கமிஷன் போகக் கையில் நிற்பது தனக்கும் தன் வேலையாளுக்கும் ஒரே தொகை என்றார். இருவருக்கும் கை தட்டினார்கள்.

அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். விரித்தார். படித்தார். நான்காவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவராகவே பேசினார்.

"காருக்கு லிஃப்ட் வச்சது அவர் காசு, அவர் இஷ்டம். நான் அதைக் கேக்க வரல. நாங்க எத்தனை மாடி ஏறணும்னு அந்த போன்ல ஒரு கட்டம் போட்டுக் காட்டினா, அவர் லிஃப்ட் ஒண்ணும் நின்னு போயிடாது. அதை எழுதிக்குங்க."

மேடம் எழுதிக்கொண்டார். அப்பா உட்காரப் போனார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மேடம், "தோழன்னு ஒரு வசதி இருக்காமே, அது உங்களுக்கு உதவியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா திரும்ப எழுந்தார்.

"ரொம்ப உதவிங்க. எப்பக் கேட்டாலும் பதில் வருது. அதாங்க கவலை."

"என்ன கவலை?"

"இப்படி ஓயாம உக்காந்தே இருந்தா முதுகு வலிக்காதுங்களா? நடுவுல எழுந்து ரெண்டு எட்டு நடக்க விடுறாங்களான்னு கேட்டு எழுதிக்குங்க."

கூடமே சிரித்தது. மீசைக்கார அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். கோட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே, "ஐயா, அது மென்பொருள். அதுக்கு முதுகே கிடையாது" என்றார்.

"இருக்கட்டும் சார். எனக்கு முட்டி இருக்குன்னுகூட உங்க போனுக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது, அக்கா. மேடம் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. கோட்டுக்காரரைப் பார்த்து, "தோழன் பிரிவுல பதில் எழுத எத்தனை பேர் இருக்காங்க?" என்றார். ஒருவர்கூட இல்லை என்றார் அவர். "அதை எழுத்துல கொடுங்க" என்றார் மேடம். அவரும் கொடுத்தார், கையெழுத்தோடு.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாதி வழி வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். பிறகு, "நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முட்டி என்னோடதாச்சே" என்றார். அப்புறம் தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ஹார்ன் அடித்தார். ஊருக்கே கேட்டது.

அடிக்காத ஹார்ன், அக்கா. அவருக்குத் தெரியுமோ? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வாலு

•

அக்டோபர் 12

அக்காவுக்கு,

நலமா? நலமா? நலமா? மூன்று கடிதத்துக்கான நலத்தை ஒரே வரியில் கேட்டுவிட்டேன். இரண்டு எழுதினேன், பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் 'நல்லா இருக்கேன், வேலை அதிகம்' என்பதோடு வைத்துவிடுகிறாய். வேலை அதிகம் என்று சொல்லும்போது பின்னால் பகலில் பாட்டு கேட்கிறது, துணி துவைக்கும் சத்தம் கேட்கிறது.

இரண்டு வாரமாக அப்பாவின் புகார் குறைந்துவிட்டது. ஒரே ஒரு முறை எழுதினார். வந்த பதிலை ஒரு தடவைதான் படித்தார். போனை மேஜையில் வைத்துவிட்டு, 'இது வேற ஆளு' என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சுவரிடம்.

மெஷினில் ஏது வேறு ஆள் என்று நான் கேட்கவில்லை. 

எழுது.

வாலு

•

நவம்பர் 4

அன்புள்ள வாலுக்கு,

நலம். இந்த முறை நிஜமான நலம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணி. மேற்பார்வையாளர் ஓடிவந்தார். எல்லோரும் உடனே பின்பக்கப் படிக்கட்டில் போய் நிற்க வேண்டும், சத்தம் வரக்கூடாது என்றார். அறுபது பேரும் சால்வையோடு படிக்கொருவராக நின்றோம். முன்வாசலில் அந்தக் குழு வந்திருந்தது. கதவு இடுக்கு வழியாக எனக்குக் கூடம் தெரிந்தது. நீ எழுதியிருந்த அதே தடிமனான கண்ணாடி மேடம்.

"இது பயிற்சிக் கூடம் மேடம், மூணு மாசமா யாரும் வர்றதில்ல" என்றார் மேற்பார்வையாளர்.

மேடம் நேராக நாற்காலிகளிடம் போனார். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு மெத்தையிலும் கை வைத்துப் பார்த்தார். பூப்போட்டது, கோடு போட்டது, கிழிந்து ஒட்டுப்போட்டது. "மூணு மாசமா யாரும் வராத இடத்துல எல்லாம் சூடா இருக்கே" என்றார்.

பிறகு என் நாற்காலிக்கு வந்தார். நீல மெத்தையை எடுத்தார். திருப்பினார். அதன் பின்னால் கருப்பு மையில் நீ எழுதியது உனக்கு நினைவிருக்கும். 'இதில் உட்காருவது மெஷின் இல்லை. என் அக்கா. குலுக்காமல் கையாளவும்.' இரண்டு முறை படித்தார். மெத்தையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார், சாட்சிப் பொருள் மாதிரி.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, வாலு. காகிதம், கையெழுத்து, டிசம்பர், எதுவும். அம்மா தைத்த மெத்தையைக் கொண்டுபோகிறாரே என்றுதான் தோன்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அது என்னோடது மேடம், குடுத்துடுங்க" என்றேன்.

என் பின்னால் கதவு மூடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி காலை வைத்துப் பிடித்திருந்தாள். "அந்தப் பூப்போட்டது என்னோடது" என்று அவளும் வந்தாள். அப்புறம் வரிசையாக வந்தார்கள். குளிர் தாங்கவில்லை என்றுதான் வந்ததாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள்.

ஐந்து வாரம் எங்கள் இரண்டு பேரையும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்ட சத்தம் அதுதான். உங்களிடம் சொல்லிப் பயமுறுத்த மனம் வரவில்லை.

போன வாரம் உத்தரவு வந்தது. ஆள் இல்லை என்று எழுத்தில் கொடுத்த கம்பெனியிடம் அறுபது மெத்தை எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். இனி பதில் எழுதுவது ஆளா, மெஷினா என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க விட வேண்டும், அதற்குச் சிவப்பு விளக்கு எரியக்கூடாது. வேலை செய்யும் விதத்தை வெளியே சொன்னதற்காக யாரையும் அனுப்பக்கூடாது. எங்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். செயலியில் மாடிக் கட்டமும் வருகிறதாம்.

உலகம் தலைகீழாகிவிடவில்லை. முதலாளியின் கார் இன்னும் லிஃப்டில்தான் போகிறது. குளிரூட்டி இன்னும் அதே குளிர். நிரந்தரம் டிசம்பரில் இல்லை, மார்ச்சில் என்கிறார்கள். ஆனால் நேற்று மூன்று மணிக்கு எழுந்து வெளியே வந்தேன். மழை பெய்துகொண்டே இருந்தது. பார்த்தேன்.

அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

அக்கா

•

நவம்பர் 11

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சின்னவள் என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். படித்தேன்.

ஆரம்பிக்க ஒன்றும் இல்லை. இடது முட்டி என்று நீ எழுதிய அன்றே எனக்குத் தெரியும். நம் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் அது எந்தக் கால் என்று தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, நான் போனால்தானே. அதற்கு முன்பே கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஹெல்மெட் வார் உறுத்துகிறது என்று எழுதினால், அடியில் கைக்குட்டை வையுங்கள் என்று எந்த மெஷின் சொல்லும்?

ஹார்ன் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவும் வாலும் பேசி முடித்த பிறகு எனக்கு மிஞ்சுவது 'சரி, வச்சிடவா' மட்டும்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும் என்று தோன்றும் நாட்களில் வண்டியில் ஏதாவது கோளாறு சொல்லி எழுதினேன். வாலு என் பையிலிருந்து எடுத்த சீட்டில் நான் தோழனைப் பற்றி எழுதியிருந்ததும் பாராட்டுவதற்கு இல்லை, அந்தக் குழுவைக் கேட்க வைக்கத்தான். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் யோசித்தேன். முதுகு என்று வந்தது கடைசி நிமிடத்தில்.

மெஷினைச் செய்யும் பெண் என்று ஊரில் சொன்னேன். அதைத் திருத்த எனக்கு வெட்கம் இல்லை. உன் முதுகை நினைத்துத்தான் வாய் வரவில்லை. இப்போது ஸ்டாண்டில் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் தோழனைத் திட்டி எழுதியவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். மீசைக்காரன் மன்னிப்பு எழுத எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்கிறான்.

வேளைக்குச் சாப்பிடவும். நடக்கவும்.

அப்பா

•

டிசம்பர் 20

நாற்காலி எண் நாற்பத்தொன்றுக்கு,

நலம், நலம், நலம். பரீட்சை முடிந்தது. போன் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் தபாலிலேயே எழுதுகிறேன். தலையணைக்கு அடியில் வைக்க வசதி.

அப்பா டாக்டரிடம் போய்விட்டார். 'எந்தக் கால்?' என்று அவர் கேட்டதற்கு, 'தோழனைக் கேளுங்க' என்றாராம். மாடிக் கட்டம் வந்துவிட்டது. நாலாவது மாடி என்று காட்டினால் மீசைக்கார அண்ணன் வாங்கிக்கொள்கிறார், தரைத்தளத்தை அப்பாவுக்குத் தள்ளிவிடுகிறார். அதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை, அவர்களாகவே வைத்துக்கொண்டது. வேன்காரர் தினமும் செயலியைத் திறந்து பார்த்துவிட்டு, 'கம்பெனி இன்னும் ஓடலப்பா' என்று அறிவிக்கிறார்.

நேற்று மாலை நடந்தது உனக்கே தெரியும். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் நடந்தது தெரியாதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உதவிப் பொத்தானை அழுத்தினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் நாற்காலியில் ஏறி நின்றேன். மெஷின் எழுதும் பழைய முதல் வரி வரவில்லை. கொஞ்ச நேரம் மூன்று புள்ளி மட்டும் ஆடியது. பிறகு வந்தது: 'வணக்கம். பதில் எழுதுவது ஒரு மனிதர். எண் 41. உங்கள் புகாரைச் சொல்லுங்கள்.'

அப்பா ஒற்றை விரலை எடுத்தார். 'இன்னைக்கு' என்று தட்டினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் உதவட்டுமா என்றதற்கு, கை பட்டால் உடைத்துவிடுவேன் என்றார். முழுதாக முடிக்க நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் உன் எட்டு உரையாடலில் மற்ற ஏழு பேர் காத்திருந்திருப்பார்கள். அவர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

'இன்னைக்குப் புகார் ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தேன்.'

அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைக்கவே இல்லை.

உன்,
வாலு